தாளம் தவறும் இதயம்: மருத்துவமனை நோயாளிகளிடம் சீரற்ற துடிப்பைக் கண்டறிவது எப்படி?

மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுள்ள நோயாளியின் இதயத் துடிப்பு எந்த நேரத்திலும் தாளம் தவறக்கூடும். மாரடைப்பு நோயாளிகளுக்கு மட்டும் நேரும் சிக்கல் அன்று இது. நிமோனியா, சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், அறுவை சிகிச்சை எனப் பல காரணங்களுக்காகச் சேர்க்கப்பட்டவர்களிடமும் இது காணப்படுகிறது. சீரற்ற துடிப்புகளில் சில தீங்கற்றவை, தாமே மறைந்துவிடும். சில, மூளையில் ரத்தக்கட்டி அடைக்கக் காரணமாகும். வேறு சிலவோ சில நிமிடங்களிலேயே உயிரைப் பறித்துவிடும். எது எந்த வகை என்பதை உரிய நேரத்தில் அடையாளம் காண்பதே சிகிச்சையின் முதல் படி. அதற்கான அடிப்படைகளை இத்தொகுப்பு விளக்குகிறது.

சீரான துடிப்பு என்பது என்ன?

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு என்னும் சிறு திசுத் தொகுப்பே இயற்கையான பேஸ்மேக்கர். அங்கு உருவாகும் மின் தூண்டல் இரு மேலறைகளிலும் பரவி, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே உள்ள ஏவி கணுவை அடைகிறது. அங்கு நொடியின் ஒரு சிறு பகுதி நேரம் தாமதித்த பின்னர், தனிப்பட்ட மின்கடத்தும் இழைகளின் வழியாகக் கீழறைகளுக்குச் செல்கிறது. இந்தத் தாமதத்தினால்தான் மேலறைகள் ரத்தத்தை முழுமையாகக் கீழே தள்ளிய பிறகு கீழறைகள் சுருங்குகின்றன.

ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரையிலான துடிப்பு இயல்பானதாகக் கருதப்படுகிறது. உறங்கும்போதும், நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களிடமும் இது 60-க்குக் கீழே இருக்கலாம். காய்ச்சல், வலி, ரத்த இழப்பு, அச்சம் ஆகியவற்றால் 100-ஐத் தாண்டலாம். இளம் வயதினருக்கு மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடும்போது மெதுவாவதும் இயல்பே. ஆகவே, ஓர் எண்ணை மட்டும் பார்த்து நோய் என்று முடிவு செய்வதில்லை.

யாருக்கு ஆபத்து அதிகம்?

மாரடைப்புக்குப் பிந்தைய முதல் சில மணி நேரம் மிகவும் ஆபத்தானது. திறந்த இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 20 முதல் 40 விழுக்காட்டினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கத் துடிப்பு ஏற்படுகிறது. இது பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது நாளில் தலைகாட்டும். கடுமையான தொற்று, ஆக்சிஜன் குறைவு, தைராய்டு மிகைச் சுரப்பு, ரத்தத்தில் பொட்டாசியம் அல்லது மக்னீசியம் அளவு மாறுதல், சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியனவும் முக்கியக் காரணங்கள்.

இந்திய மருத்துவமனைகளுக்கே உரிய காரணங்களும் உண்டு. குழந்தைப் பருவத்தில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், மைட்ரல் வால்வைச் சுருங்கச் செய்து பிற்காலத்தில் மேலறை நடுக்கத்துக்கு வழிவகுக்கிறது. கொங்கண் கரையோரம் உள்ளிட்ட பகுதிகளில் காணப்படும் செந்தேள் கொட்டினால் உடலின் தன்னியக்க நரம்புகள் மிகையாகத் தூண்டப்பட்டு, துடிப்பு தாறுமாறாவதுடன் நுரையீரலில் நீரும் கோக்கும். இதற்குப் பிரசோசின் என்னும் எளிய மாத்திரை பயன் தருவதை மகாராஷ்டிர மாநிலம் மகாட் நகரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் எடுத்துக்காட்டினார். அவருக்கு 2022-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

முதல் கருவி விரல்களே

விலையுயர்ந்த கருவிகள் இல்லாத மருத்துவமனையிலும் நாடி பார்க்க இயலும். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், இரு விரல்களை வைத்து நாடியை உணர வேண்டும். அவசரத்தில் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் உண்டு. சீரான துடிப்புக்கு அது போதும். துடிப்பு ஒழுங்கற்று இருந்தால் முழுமையாக ஒரு நிமிடம் எண்ணியே ஆக வேண்டும்.

நாடியின் ஒழுங்கு மூன்று வகைப்படும். ஒன்று, முற்றிலும் சீரானது. இரண்டு, சீரான ஓட்டத்தில் இடையிடையே ஒரு துடிப்பு தவறுவது. இது பெரும்பாலும் முன்கூட்டியே எழும் கூடுதல் துடிப்பைக் குறிக்கும். மூன்று, எந்த ஒழுங்கும் இன்றி, வலுவும் இடைவெளியும் மாறிக்கொண்டே இருப்பது. இது மேலறை நடுக்கத்தின் அடையாளம்.

ஒருவர் ஸ்டெதஸ்கோப் வைத்து நெஞ்சில் துடிப்பை எண்ண, அதே நிமிடத்தில் மற்றொருவர் மணிக்கட்டு நாடியை எண்ணினால், மேலறை நடுக்கம் உள்ளவர்களிடம் இரண்டுக்கும் வேறுபாடு தெரியும். வலுவற்ற துடிப்புகள் மணிக்கட்டை எட்டாததே காரணம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி காட்டும் நாடி எண்ணிக்கையும் இதே காரணத்தால் குறைவாகக் காட்டக்கூடும்.

ஈசிஜி தாளைப் படிப்பது எப்படி?

ஈசிஜி எனப்படும் இதய மின் வரைபடத்தை மருத்துவப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் ஐந்தோவன். இதற்காக 1924-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. இன்றும் பயன்படும் பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் அலைப் பெயர்கள் அவர் இட்டவை.

வழக்கமான ஈசிஜி தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, ஐந்து சிறு கட்டங்கள் கொண்ட பெரிய கட்டம் 0.2 நொடி. துடிப்பு சீராக இருந்தால், அடுத்தடுத்த இரு ஆர் அலைகளுக்கு இடையே உள்ள பெரிய கட்டங்களின் எண்ணிக்கையால் 300-ஐ வகுத்தால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். மூன்று கட்டங்கள் எனில் 100. ஐந்து எனில் 60. துடிப்பு ஒழுங்கற்று இருந்தால் இக்கணக்கு பொருந்தாது. அப்போது 6 நொடி நீளத்தில், அதாவது 30 பெரிய கட்டங்களில், எத்தனை துடிப்புகள் உள்ளன என்று எண்ணிப் பத்தால் பெருக்க வேண்டும்.

பயிற்சி பெறும் செவிலியருக்கும் இளம் மருத்துவருக்கும் கற்பிக்கப்படும் வரிசை எளிமையானது. துடிப்பு வேகமானதா, மெதுவானதா? சீரானதா, ஒழுங்கற்றதா? ஒவ்வொரு துடிப்புக்கும் முன்பு பி அலை உள்ளதா? பி அலையின் தொடக்கத்துக்கும் கீழறைத் துடிப்புக்கும் இடையே உள்ள நேரம் 0.12 முதல் 0.20 நொடிக்குள் உள்ளதா? க்யூஆர்எஸ் என்னும் கீழறை அலை 0.12 நொடிக்குக் குறைவான குறுகிய அலையா, அகன்ற அலையா? இந்த ஐந்து கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பெரும்பாலான சீரற்ற துடிப்புகளை வகைப்படுத்திவிடலாம்.

படுக்கையருகே உள்ள திரை பொதுவாக மூன்று அல்லது ஐந்து மின்முனைகளைக் கொண்டே இயங்குகிறது. அது துடிப்பின் தாளத்தைக் காட்டும். மாரடைப்பை உறுதிப்படுத்தப் போதாது. எனவே, திரையில் மாற்றம் தெரிந்தவுடன், நோயாளியின் நிலை இடம் தந்தால், பத்து மின்முனைகள் பொருத்திப் பன்னிரண்டு கோணங்களில் முழு ஈசிஜி எடுப்பது அவசியம்.

மேலறை நடுக்கம்: பக்கவாதத்தின் முன்னோடி

சிகிச்சை தேவைப்படும் நீடித்த சீரற்ற துடிப்புகளில் மிகப் பரவலானது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேல் நடுங்குகின்றன. ஈசிஜியில் பி அலை இராது. அடிக்கோடு நெளிந்து காணப்படும். கீழறைத் துடிப்புகளின் இடைவெளி எந்த ஒழுங்குக்கும் உட்படாது.

நடுங்கும் மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகி, மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கும். இத்துடிப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஆய்வு காட்டியது. பலருக்குப் படபடப்போ மூச்சுத் திணறலோ இருப்பதில்லை. பக்கவாதத்துடன் அனுமதிக்கப்படும்போதுதான் முதன்முறையாகக் கண்டறியப்படுவோரும் உண்டு. சில நேரங்களில் இத்துடிப்பு வந்து மறையும் என்பதால் ஒருமுறை எடுக்கும் ஈசிஜியில் சிக்காது. அதனால்தான் பக்கவாத நோயாளிகளுக்குத் தொடர் கண்காணிப்பும், தேவைப்பட்டால் 24 மணி நேரமோ அதற்கு மேலுமோ பதிவு செய்யும் ஹோல்டர் பரிசோதனையும் செய்யப்படுகின்றன.

இத்துடிப்பு எப்போது தொடங்கியது என்பது முக்கியமான கேள்வி. நீண்ட நேரமாக இருந்தால் மேலறையில் கட்டி உருவாகியிருக்கலாம். அந்நிலையில் மின் அதிர்ச்சி தந்து தாளத்தைத் திருப்பினால் கட்டி இடம்பெயரும் ஆபத்து உள்ளது. ஆகவே, தொடங்கிய நேரம் தெரியாதபோது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையெனில், குறைந்தது 3 வாரம் ரத்த உறைவுத் தடுப்பு மருந்து தரப்படுகிறது; அல்லது உணவுக்குழாய் வழியாக எக்கோ பரிசோதனை செய்து கட்டி இல்லை என்று உறுதி செய்யப்படுகிறது.

ருமாட்டிக் நோயால் மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கு மருந்துத் தேர்விலும் வேறுபாடு உண்டு. புதிய வகை உறைவுத் தடுப்பு மாத்திரையான ரிவராக்சபானைவிட, வார்ஃபரின் வகை மருந்துகளே இவர்களுக்கு மேலான பலன் தருவதாக 2022-ஆம் ஆண்டு வெளியான இன்விக்டஸ் ஆய்வு தெரிவித்தது. வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் உட்கொள்வோர் ஐஎன்ஆர் பரிசோதனையை முறையாகச் செய்துகொள்ள வேண்டும். இவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அளவு 2 முதல் 3-க்குள் இருக்குமாறு மருந்து சரிசெய்யப்படுகிறது.

வேகமான துடிப்பு: அலையின் அகலமே திறவுகோல்

நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டிய, சீரான, குறுகிய அலைகள் கொண்ட துடிப்பு பெரும்பாலும் மேலறைப் பகுதியிலிருந்தோ ஏவி கணுவிலிருந்தோ எழுவது. இது திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும். நோயாளியை முக்கச் செய்து, உடனே படுக்க வைத்துக் கால்களை உயர்த்தும் எளிய முறையாலேயே பலருக்கு இது நின்றுவிடும். 2015-ஆம் ஆண்டு வெளியான பிரிட்டனின் ரிவர்ட் ஆய்வில் இம்முறையால் 43 விழுக்காட்டினருக்கும், கால்களை உயர்த்தாத பழைய முறையால் 17 விழுக்காட்டினருக்கும் இயல்பான துடிப்பு திரும்பியது. பலன் இல்லையெனில் அடினோசின் ஊசி வேகமாகச் செலுத்தப்படும். துடிப்பு அசையாமல் 150-இலேயே நின்றால், மேலறைப் படபடப்பு எனப்படும் ஏட்ரியல் ஃபிளட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் மேலறை நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 முறை துடிக்க, இரண்டில் ஒன்று மட்டும் கீழறைக்குக் கடத்தப்படுகிறது.

அலை அகன்று, வேகம் மிகுந்து இருந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அதைக் கீழறை மிகைத் துடிப்பாகவே கருத வேண்டும் என்பது பொது விதி. முன்பு மாரடைப்பு வந்தவர்களிடம் இது மிகவும் பொருந்தும். நோயாளி பேசிக்கொண்டிருக்கிறார், ரத்த அழுத்தம் நன்றாக உள்ளது என்பதை வைத்து ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மேலறைத் துடிப்பு எனத் தவறாகக் கருதி வெராபமில் ஊசி செலுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிராபத்து நேரலாம்.

ரத்த அழுத்தச் சரிவு, நினைவு தடுமாறுதல், நெஞ்சுவலி, கடும் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வேகமான துடிப்பால் ஏற்பட்டிருந்தால், மருந்துக்குக் காத்திராமல் துடிப்புடன் ஒத்திசைத்த மின் அதிர்ச்சி தருவதே சிகிச்சை.

நொடிகள் மட்டுமே உள்ள நிலை

கீழறை நடுக்கத்தின்போது திரையில் ஒழுங்கற்ற நெளிவுகள் மட்டுமே தெரியும். இதயம் ரத்தத்தை வெளியேற்றுவதில்லை, நாடி இராது, சில நொடிகளில் நினைவு தப்பும். நெஞ்சழுத்த முதலுதவி கிடைக்காவிட்டால், டிஃபிபிரிலேட்டர் கருவியால் அதிர்ச்சி தரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது.

இதய நிறுத்தத்தின்போது காணப்படும் தாளங்கள் இரு பிரிவாகின்றன. கீழறை நடுக்கமும், நாடியற்ற கீழறை மிகைத் துடிப்பும் மின் அதிர்ச்சிக்கு உரியவை. திரையில் நேர்கோடு தெரியும் நிலையும், அலை இருந்தும் நாடி இல்லாத நிலையும் மின் அதிர்ச்சியால் பயன் பெறாதவை. அவற்றுக்கு நெஞ்சழுத்தமும் அட்ரினலின் ஊசியும் தந்தவாறே அடிப்படைக் காரணத்தைத் தேட வேண்டும். இரு பிரிவுக்கும் பொதுவானது நெஞ்சழுத்தம்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம்.

இந்தியச் சூழலுக்கு ஏற்ற உயிர்காக்கும் நெறிமுறைகளை இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2017-ஆம் ஆண்டு வெளியிட்டது. பொதுமக்களுக்கு நெஞ்சழுத்தம் மட்டும் கொண்ட முறை, மருத்துவமனைக்கு வெளியே பயிற்சி பெற்றோருக்கான முறை, மருத்துவமனைக்குள் பின்பற்றும் முழுமையான முறை என அவை மூன்று நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளன.

மெதுவான துடிப்பும் பொட்டாசியமும்

துடிப்பு 50-க்குக் கீழே சென்று, கிறுகிறுப்பு, மயக்கம் அல்லது ரத்த அழுத்தச் சரிவு இருந்தால் உடனடிக் கவனம் தேவை. மேலறை மின் தூண்டல் கீழறைக்குச் செல்லாத முழு இதய அடைப்பில், பி அலைகள் தம் போக்கிலும் கீழறை அலைகள் வேறு போக்கிலும் ஓடும். அட்ரோபின் ஊசி பயன் தராவிட்டால் தற்காலிக பேஸ்மேக்கர் பொருத்தப்படும். இதயத்தின் அடிப்பகுதியில் ஏற்படும் மாரடைப்பில் தோன்றும் அடைப்பு பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். முன்பகுதி மாரடைப்பில் தோன்றும் அடைப்பு, தசைச் சேதம் பெரிது என்பதன் அறிகுறி.

டயாலிசிஸ் தவறிய சிறுநீரக நோயாளிகளிடம் பொட்டாசியம் உயர்ந்து, டி அலை கூர்மையாக எழும். பின்னர் பி அலை மறைந்து, கீழறை அலை அகலும். அடுத்த கட்டம் இதய நிறுத்தம். ஈசிஜியில் இம்மாற்றம் தெரிந்தால் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் கால்சியம் ஊசி செலுத்தப்படுகிறது. அது இதயத்தைக் காக்கும். பொட்டாசியத்தைக் குறைக்க இன்சுலினும் குளுக்கோஸும், பின்னர் டயாலிசிஸும் தேவை. உடல்நலத்துக்கு நல்லது என்ற எண்ணத்தில் உறவினர் தரும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதால், சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் அதைத் தரக் கூடாது.

மருந்துகளே காரணமாகும்போது

ஈசிஜியில் க்யூடி எனப்படும் இடைவெளி நீண்டால், முறுக்கிய கயிறு போன்ற தோற்றமுடைய ஆபத்தான கீழறைத் துடிப்பு தோன்றக்கூடும். சில ஆன்டிபயாடிக், மனநல மற்றும் வாந்தித் தடுப்பு மருந்துகள் இந்த இடைவெளியை நீட்டுகின்றன. துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய அளவு 500 மில்லிநொடியைத் தாண்டினால் ஆபத்து அதிகம்.

இந்தியாவில் இது காசநோய் சிகிச்சையிலும் முக்கியத்துவம் பெற்றுள்ளது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்காக 2016-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தப்பட்ட பெடாகுவிலின், இவ்விடைவெளியை நீட்டும் தன்மையுடையது. அது உடலில் பல மாதங்கள் தங்கும். எனவே சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சைக் காலத்திலும் ஈசிஜி எடுக்கப்படுகிறது. இத்தகைய நோயாளிக்கு வேறு நோய்க்காகப் புதிய மருந்து எழுதும் மருத்துவரிடம், காசநோய் சிகிச்சை பெறுவதைத் தெரிவிப்பது கட்டாயம்.

திரையும் ஏமாற்றும்

குளிரில் நடுங்குதல், நடுக்குவாத நோய், பல் துலக்குதல், கழன்ற மின்முனை ஆகியவை திரையில் கீழறை நடுக்கம் போன்ற தோற்றத்தை உண்டாக்கும். மறுபுறம், திரையில் அழகான அலைகள் ஓடிக்கொண்டிருந்தும் நோயாளிக்கு நாடி இல்லாமல் இருக்கலாம். ஆகவே முதலில் நோயாளியைப் பார், பிறகு திரையைப் பார் என்பதே படுக்கையோர மருத்துவத்தின் முதல் பாடம்.

ஓயாத எச்சரிக்கை ஒலி மற்றோர் ஆபத்து. கண்காணிப்புக் கருவிகளின் ஒலிகளில் 72 முதல் 99 விழுக்காடு வரை பொய்யானவை என ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. நாள் முழுவதும் பொய்யொலி கேட்கும் காது, உண்மையான ஒலியையும் புறக்கணிக்கத் தொடங்குகிறது. இந்த ஒலிச் சலிப்பு குறித்து அமெரிக்க மருத்துவமனைத் தரச்சான்று அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2013-ஆம் ஆண்டு எச்சரித்தது. மின்முனைகளை நாள்தோறும் மாற்றுதல், தோலைத் துடைத்து உலர்த்திய பின் ஒட்டுதல், ஒலி எழும் வரம்புகளை அந்தந்த நோயாளிக்கு ஏற்ப அமைத்தல் ஆகியன பொய்யொலியைக் குறைக்கும். ஒலியை முற்றிலும் அணைத்து வைப்பது தீர்வாகாது. ஒரு செவிலியர் பல படுக்கைகளைக் கவனிக்க வேண்டிய வார்டுகளில் இந்த எளிய நடைமுறைகளின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

நோயாளிக்குத் திடீர்ப் படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம், வழக்கத்துக்கு மாறான குழப்பம், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது தோன்றினாலும், திரை எதைக் காட்டினாலும், உடனே செவிலியரை அழைக்க வேண்டும். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்வது சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும். வீட்டில் உட்கொள்ளும் மருந்துகளின் முழுப் பட்டியல், பழைய ஈசிஜி தாள்கள், பேஸ்மேக்கர் அட்டை ஆகியவற்றை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பழைய ஈசிஜியுடன் ஒப்பிட்டால்தான் மாற்றம் புதிதா, முன்பே இருந்ததா என்பது தெரியும். ஒலிக்கும் கருவியை உறவினர் தாமே நிறுத்துவதும், மின்முனைகளைக் கழற்றுவதும் கூடாது.

வீடு திரும்பும்போது, எந்த வகைச் சீரற்ற துடிப்பு கண்டறியப்பட்டது, உறைவுத் தடுப்பு மருந்து தேவையா, எவ்வளவு காலம், அடுத்த ஈசிஜி எப்போது என்ற நான்கு விவரங்களையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். மருத்துவமனையில் ஒருமுறை தோன்றி மறைந்த மேலறை நடுக்கம் பின்னர் மீண்டும் வரக்கூடும். வெளியேறும் குறிப்பில் அது இடம்பெறாமல் போனால், அடுத்த மருத்துவருக்கு அதை அறிய வழியில்லை.